எந்த இடத்துச் சூடு?
டிரக்கின் கியர்ப் பெட்டிக்கு ஒரு வெப்பமானி – ஒரு விமரிசனம்

அமெரிக்காவில் டிரக் வைத்திருப்போர் தாமாகவே வாங்கிப் பூட்டிக்கொள்ளும் துணைக்கருவிகளில் ஒன்று, கியர்ப் பெட்டி எண்ணெயின் சூட்டைக் காட்டும் மானி. அங்கே டிரக் என்றால் பெரும்பாலும் நம்மூர் லாரி போன்றதன்று. முன்புறம் கார் போன்ற அறையும் பின்புறம் திறந்த தொட்டியும் உள்ள பிக்கப் வண்டி அது. படகு, குதிரை வண்டி, வீடு போன்ற டிரெய்லர் என்று எதையாவது பின்னால் மாட்டி இழுத்துச் செல்வார்கள். இம்மானிகளின் உறையில் தவறாமல் காணப்படும் வாசகம், "எளிதில் பொருத்தலாம்" என்பது. அந்த எளிமைக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை இயற்பியல் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் வேலை.

முதலில், ஒரு கியர்ப் பெட்டிக்கு வெப்பமானி எதற்கு என்று நம் வாசகர்கள் கேட்கலாம். நம் நாட்டு லாரிகளில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றும் பெட்டி கொண்டவை. பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று நேராகப் பிணைந்து சுழல்வதால் வீணாகும் ஆற்றல் சொற்பம். அமெரிக்க பிக்கப் வண்டிகளோ ஏறக்குறைய அனைத்துமே தானியங்கிக் கியர்ப் பெட்டி உள்ளவை. (சென்னையில் ஓடும் தாழ்தளப் பேருந்துகள் சிலவற்றிலும் இத்தகைய பெட்டி உண்டு.) இங்கே இன்ஜினுக்கும் பற்சக்கரங்களுக்கும் இடையே இருப்பது எண்ணெய். இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஒரு சக்கரம் எண்ணெயை வீசியடிக்க, எதிரே உள்ள மற்றொரு சக்கரம் அந்த எண்ணெயின் விசையால் சுழல்கிறது. ஓடும் மின்விசிறிக்கு எதிரே மற்றொரு விசிறியை வைத்தால் அது தானே சுற்றத் தொடங்குவது போன்றது இது. டார்க் கன்வர்ட்டர் எனப்படும் இந்த உறுப்பின் மூலக் கருத்துக்கு ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். அவர் எண்ணியது கார்களை அன்று, கப்பல்களை.

எண்ணெய் வழியே விசை செல்லும்போது இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. பின்தங்கும் அந்த வித்தியாசம் முழுவதும் வெப்பமாகிறது. சமதரையில் சீராக ஓடும்போது உள்ளே ஒரு பூட்டுக் கிளட்ச் இரு சக்கரங்களையும் பிணைத்துவிடும். வழுக்கல் இல்லை, வெப்பமும் குறைவு. பாரத்துடன் மேட்டில் ஏறும்போது அப்பூட்டு விடுபட்டுவிட்டால் நிலைமை வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையிலுள்ள புல்ஹெட் சிட்டியிலிருந்து கிழக்கே ஏறும் 68-ஆம் எண் நெடுஞ்சாலையில் "டேவிஸ் அணை ஏற்றம்" என்று ஒரு பகுதி உண்டு. சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் சாலை ஏறத்தாழ 900 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. அமெரிக்க வாகனப் பொறியாளர் கழகம் 2008-இல் வெளியிட்ட இழுவைத் தரக்கட்டளை, சோதனைக்களமாகக் கொள்வது இந்த ஏற்றத்தைத்தான். காற்று 38 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இருக்க வேண்டும். குளிர்சாதனமும் ஓட வேண்டும். வண்டியும் டிரெய்லருமாக 8 டன் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 17 நிமிடம் ஆகும். புவியீர்ப்பை எதிர்த்து உயர்த்துவதற்கு மட்டும் சுமார் 69 கிலோவாட் திறன் வேண்டும். காற்றின் தடையையும் சக்கரங்களின் உருளல் தடையையும் கூட்டினால் நூறு கிலோவாட்டை நெருங்கும்.

இதில் பத்தில் ஒரு பங்கு டார்க் கன்வர்ட்டரில் வழுக்கலாகப் போனால் 10 கிலோவாட் வெப்பம். வீட்டிலுள்ள ஒரு கிலோவாட் மின் அடுப்புகள் பத்தை எண்ணெய்க்குள் அமிழ்த்தி வைத்ததற்குச் சமம்! பெட்டியில் உள்ள எண்ணெய் சுமார் 10 லிட்டர், நிறை எட்டரைக் கிலோ. அதன் தன்வெப்பம் கிலோவுக்கு ஏறத்தாழ 2 கிலோஜூல். வெப்பம் முழுவதையும் எண்ணெயே ஏற்றுக்கொண்டு, குளிர்விப்பானும் இல்லாமற்போனால், ஒரு நிமிடத்தில் 35 டிகிரி ஏறிவிடும். உண்மையில் அலுமினிய உறையும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். குளிர்விப்பான் இடைவிடாது வேலை செய்யும். ஆயினும் இந்த எண்ணெய்க்குத் தனிக் குளிர்விப்பான் ஏன் தேவைப்படுகிறது என்பதும், அது அடைத்துக்கொண்டால் சில நிமிடங்களில் என்ன ஆகும் என்பதும் இக்கணக்கிலிருந்து விளங்கும். சூடு மிகுந்தால் எண்ணெய் ஆக்சிஜனேற்றமடைந்து கறுக்கிறது. ரப்பர் அடைப்புகள் இறுகுகின்றன. காகித வகை நாரால் ஆன கிளட்ச் தகடுகளின் மேலுறை கருகுகிறது. பழுதான தானியங்கிப் பெட்டியைப் புதுப்பிக்க ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். ஆகவே மானி வாங்குபவரின் கவலை நியாயமானதே.

இனி மானிக்கு வருவோம். இவற்றுள் மிக எளியது, சம்ப் எனப்படும் அடித்தொட்டியின் வெளிப்புறத்திலோ எண்ணெய்க் குழாயின் மேலோ ஒட்டியோ இறுக்கியோ வைக்கும் உணரி. எண்ணெயை வடிக்க வேண்டாம், துளை போட வேண்டாம், குழாயை வெட்ட வேண்டாம். ஐந்து நிமிட வேலை. விற்பவர் சொல்வது மெய்தான். ஆனால் அந்த உணரி எதை அளக்கிறது?

தகட்டின் ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் ஓடும் காற்று. தகட்டின் வெப்பநிலை இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கும். எங்கே நிற்கும் என்பதை, எந்தப் பக்கம் வெப்பப் பரிமாற்றம் மிகுதியோ அதுவே தீர்மானிக்கிறது. எண்ணெய் 90 டிகிரி, காற்று 35 டிகிரி என்போம். எண்ணெய்ப் பக்கம் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 100 வாட். வண்டி விரைந்து ஓடுகையில் காற்றுப் பக்கம் 50 வாட் என்று எடுத்துக்கொண்டால், தகடு சுமார் 72 டிகிரியில் இருக்கும். எண்ணெயின் உண்மை நிலையைவிட 18 டிகிரி குறைவு. இப்போது வண்டி சிக்னலில் நிற்கிறது. காற்று அடங்கி, அப்பக்கம் 10 வாட் ஆகிறது. எண்ணெய் அதே 90 டிகிரியில் இருக்க, தகடு 85 டிகிரிக்கு ஏறுகிறது. ஓட்டுநர் மானியைப் பார்க்கிறார்: ஓடும்போது 72, நின்றதும் 85. "நின்றால் பெட்டி சூடாகிறது" என்று முடிவு கட்டுகிறார். சூடானது பெட்டியன்று, தகடு. நான் எடுத்துக்கொண்ட எண்கள் தோராயமானவை. வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் பிழை எந்தத் திசையில் இருக்கும் என்பது மாறாது. பாரமிழுத்து வேகமாக ஓடும் நேரத்தில்தான், அதாவது எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான், இவ்வுணரி மிகக் குறைவாகக் காட்டும். உணரியின் மீது காற்றுப் படாமல் பஞ்சோ ரப்பரோ வைத்து மூடினால் பிழை ஓரளவு குறையும். அதைச் செய்யும்படி கூறும் விளக்கக் குறிப்புகள் அரிது.

அடுத்தது, சம்பின் டிரெயின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அதே மரையில் உணரி பதித்த பிளக்கைப் பூட்டுவது. எண்ணெய் மாற்றும் நாளில் செய்தால் தனி வேலையே இல்லை. உணரியின் முனை எண்ணெய்க்குள் அமிழ்ந்திருப்பதால் முன்னதைவிட இது நூறு மடங்கு நம்பத்தக்கது. முனை உள்ளே நீண்டு வடிகட்டியில் இடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். என் பரிந்துரையும் பெரும்பாலோர்க்கு இதுவே. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. சம்பில் உள்ளது, குளிர்விப்பானைச் சுற்றிவிட்டு, பெட்டியெங்கும் வழிந்து, ஒன்றாகக் கலந்து தங்கியிருக்கும் எண்ணெய். அது சராசரி, அதுவும் தாமதமாக வரும் சராசரி.

சூடு பிறக்கும் இடமோ டார்க் கன்வர்ட்டர். அங்கிருந்து வெளியேறும் எண்ணெய் நேரே குளிர்விப்பானுக்குச் செல்கிறது. நிமிடத்துக்கு 8 லிட்டர் எண்ணெய் பாய்கிறது என்று கொண்டால், நாம் கண்ட 10 கிலோவாட் வெப்பம் அந்த எண்ணெயை 44 டிகிரி உயர்த்திவிடும். சம்பில் 95 டிகிரி இருக்கும் அதே வேளையில் குளிர்விப்பானுக்குப் போகும் குழாயில் 139 டிகிரி! இந்தக் குழாயை வெட்டி, 'டி' வடிவ இணைப்பைச் செருகி, அதில் உணரியைப் பூட்டும் முறையும் உண்டு. வழுக்கல் தொடங்கிய சில நொடிகளில் மானியின் முள் எழும்பும். ஓட்டுநர் உடனே காலை எடுக்கலாம், கீழ் கியருக்கு மாறலாம். ஆயின் குழாயை வெட்டியவர் கசிவுக்கும் வாசல் திறந்துவிடுகிறார். அழுத்தத்தில் பாயும் சூடான எண்ணெய், பழுக்கக் காய்ந்த புகைக்குழாயின் மீது தெறித்தால் தீப்பிடிக்கும். இன்னொன்று: 'டி' இணைப்பின் கிளை நீளமாக இருந்து, உணரி எண்ணெய் ஓடாத முட்டுச் சந்தில் நின்றுவிட்டால், அதுவும் குறைவாகவே காட்டும்.

ஆக, 'கியர்ப் பெட்டியின் வெப்பநிலை' என்று தனியாக ஒன்று கிடையாது. சம்பின் வெப்பநிலை உண்டு, குழாயின் வெப்பநிலை உண்டு, தகட்டின் வெப்பநிலை உண்டு. 72, 95, 139 ஆகிய மூன்றுமே ஒரே வண்டியில், ஒரே மேட்டில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் கிடைக்கக்கூடியவை. விற்பனைக்கு வரும் கருவிகளின் மீது என் முதன்மையான குறை இதுதான். எங்கே அளக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, பிறகு அங்கே எளிதாகப் பொருத்த வழி தேடியிருக்க வேண்டும். பல கருவிகளிலோ பொருத்துவதற்கு எளிதான இடம் எதுவோ அதுவே அளக்கும் இடமாகிவிட்டது. முகப்பில் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே எழுத்து: "டிரான்ஸ்மிஷன் வெப்பநிலை".

உணரியின் உள்ளுறுப்பைப் பற்றியும் ஒரு சொல். இவற்றுள் பெரும்பாலானவை தெர்மிஸ்டர்கள். வெப்பநிலை ஏற ஏற மின்தடை குறையும் குறைகடத்திகள். 1833-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்பைடில் இப்பண்பைக் கண்டறிந்தார். மலிவானவை, உறுதியானவை, உணர்திறன் மிக்கவை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கம்பி அறுந்தால் மின்தடை முடிவிலி. தெர்மிஸ்டரின் மொழியில் மிகுந்த மின்தடை என்றால் மிகுந்த குளிர்ச்சி. ஒற்றைக் கம்பி உணரிகளில் மற்றொரு மின்முனை வண்டியின் உலோக உடல்தான். கசிவைத் தடுக்க மரையில் டெஃப்லான் நாடாவைத் தடித்துச் சுற்றினால் அத்தொடர்பு கெட்டு, மானி குறைத்துக் காட்டும். கருவி பழுதாகும்போது ஆபத்தைக் காட்டாமல் அமைதியைக் காட்டுகிறது! எண்ணால் காட்டும் மானிகள் சில, கம்பி அறுந்ததை உணர்ந்து பிழைக்குறி காட்டுகின்றன. முள் உள்ள மலிவான மானிகளில் இந்த வசதி இல்லை. குளிர்ந்த இன்ஜினை இயக்கி அரைமணி ஓடிய பின்னும் முள் அசையவில்லை என்றால், பெட்டியைப் பாராட்டாமல் கம்பியைச் சோதிப்பது நல்லது.

மானியோடு சேர்ந்து பரவியிருக்கும் ஓர் அட்டவணையையும் இங்கே விமரிசிக்க வேண்டும். பல பத்தாண்டுகளாக இது அமெரிக்க ஓட்டுநர்களிடையே சுற்றிவருகிறது. எண்ணெய் 79 டிகிரியில் இருந்தால் பெட்டி ஒரு லட்சம் மைல் உழைக்கும், 91 டிகிரியில் 50,000 மைல், 102-இல் 25,000, 113-இல் சுமார் 12,000. சுருங்கச் சொன்னால், ஒவ்வொரு 20 ஃபாரன்ஹீட் டிகிரிக்கும், அதாவது 11 செல்சியஸ் டிகிரிக்கும், ஆயுள் பாதியாகும். எண்கள் அழகாக இருக்கின்றன. அழகே ஐயத்தைக் கிளப்ப வேண்டும்.

வேதிவினையின் வேகம் வெப்பநிலையோடு எப்படிக் கூடுகிறது என்பதை 1889-இல் சுவீடனின் அரீனியஸ் ஒரு சமன்பாட்டில் தந்தார். கல்லூரி மாணவர்கள் அதை அறிவார்கள். 80 டிகிரியிலிருந்து 91-க்குச் செல்லும்போது வேகம் இரட்டிக்கிறது என்று கொண்டு கணக்கிட்டால், கிளர்வு கொள் ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 67 கிலோஜூல் என்று வரும். அதே ஆற்றலை வைத்துக்கொண்டு 150-லிருந்து 161-க்குக் கணக்கிடுங்கள். வேகம் இரண்டு மடங்காகாது, 1.6 மடங்குதான். அட்டவணையோ மேலே செல்லச் செல்லவும் பாதி, பாதி என்றே வெட்டிக்கொண்டு போகிறது. பொதுப் போக்கு சரி. இலக்கங்கள் வேதியியலிலிருந்து வந்தவையல்ல.

இன்னும் பெரிய குறை, ஆயுளை மைலில் அளப்பது. எண்ணெய் மூலக்கூறுக்கு மைல் தெரியாது. மணி நேரம்தான் தெரியும். மணிக்கு 50 மைல் வேகத்தில் ஒரு லட்சம் மைல் என்பது 2,000 மணி நேரம். நகர நெரிசலில் 25 மைல் வேகமென்றால் 4,000 மணி நேரம். சேற்றில் சிக்கி, சக்கரம் நகராமல், இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும் வண்டியில் இன்ஜினின் திறன் முழுவதும் எண்ணெயில் வெப்பமாகிறது. ஓடிய மைல் பூச்சியம்.

எண்ணெயும் அன்றுபோல் இல்லை. 1970-களின் தொடக்கம் வரை இத்தகைய எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்துவந்தார்கள். அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டங்கள் வந்த பிறகே வேறு பொருள் தேடினார்கள். இன்றைய எண்ணெய்கள் ஆக்சிஜனேற்றத்தை அவற்றைவிடப் பன்மடங்கு தாங்குபவை. புதிய பெட்டிகள் பல, பாகுநிலை குறைந்து எரிபொருள் மிச்சமாகட்டும் என்று, 90 டிகிரியை ஒட்டியே ஓடும்படி வால்வு வைத்துக் கட்டப்பட்டுள்ளன. அட்டவணையை நம்பினால் இப்பெட்டிகள் நல்ல உடல்நிலையிலேயே பாதி ஆயுளை இழந்துவிட்டவை!

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த இடத்து வெப்பநிலை என்று அட்டவணை சொல்வதே இல்லை. நாம் கண்ட மேட்டில் சம்பின் 95 டிகிரியை அதில் தேடினால் ஏறத்தாழ 37,000 மைல். குழாயின் 139 டிகிரியைத் தேடினால் 2,400 மைல். குழாயில் உணரி வைத்தவர் நடுங்கிப்போய்ப் பெரிய குளிர்விப்பான் வாங்குவார். வெளித்தகட்டில் ஒட்டியவர் நிம்மதியாக உறங்குவார். இருவருடைய வண்டியும் ஒன்றே.

1996-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அமெரிக்காவில் விற்கப்படும் கார்களிலும் இலகு டிரக்குகளிலும் பதினாறு முனை கொண்ட சோதனைச் செருகி கட்டாயமாக்கப்பட்டது. கணினி கட்டுப்படுத்தும் பெட்டிகளில் தயாரிப்பாளரே ஒரு வெப்ப உணரியை உள்ளே வைத்திருப்பது வழக்கம். செருகியில் ஒரு சிறு கருவியை மாட்டி அந்த எண்ணை வாசித்துக்கொள்ளலாம். துளையும் வேண்டாம், கசிவும் இல்லை. எளிமை என்றால் இதுவன்றோ எளிமை! ஒரு தடை, கியர்ப் பெட்டியின் வெப்பநிலைக்கு உரிய குறியெண் பொதுத் தரத்தில் அடங்காமல் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவது. வாசிக்கும் கருவிக்கு அந்த வண்டியின் குறியெண் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே உணரி சம்பில் இருக்கிறதா, வேறிடத்தில் இருக்கிறதா என்பதும் பெட்டிக்குப் பெட்டி மாறும். ஆகவே பழைய கேள்வி இங்கும் தப்பவில்லை. வண்டியின் சொந்த முகப்பு மானியைப் பார்த்தால் போதாதா என்றால், பல வண்டிகளில் அந்த முள் ஒரு பரந்த வீச்சு முழுவதும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளர் வீணாகக் கலங்கக்கூடாது என்பதற்காகவாம்.

பயனுள்ள முறை ஒன்று உண்டு. எங்கே பொருத்தினாலும், பாரமில்லாமல் சமதரையில் அரைமணி ஓட்டி, அன்றைய காற்றின் வெப்பநிலையையும் மானியின் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பாரத்தோடும் மேட்டோடும் அப்படியே. சில மாதங்களில் அந்த வண்டிக்கு, அந்த இடத்துக்கு உரிய வழக்கமான எண்கள் கிடைத்துவிடும். ஒருநாள் அதே சாலையில் அதே பாரத்துக்குப் 15 டிகிரி கூடுதலாகக் காட்டினால், குளிர்விப்பான் அடைத்திருக்கிறது, எண்ணெய் குறைந்திருக்கிறது, அல்லது பூட்டுக் கிளட்ச் பிடிக்கவில்லை. வெளித்தகட்டு உணரிகூட இந்த ஒப்பீட்டுக்கு ஓரளவு உதவும். மேட்டில் எண் விடாமல் ஏறினால் கீழ் கியருக்கு மாறி வழுக்கலைக் குறைக்க வேண்டும். அப்படியும் ஏறினால் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் ஓடவிட வேண்டும். இன்ஜின் நின்றால் எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடும், குளிர்விப்பானுக்கு எண்ணெய் போகாது.

வண்டி இல்லாத மாணவர்களும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு தகர டின்னில் வெந்நீர் ஊற்றுங்கள். ஒரு வெப்பமானியை நீருக்குள் தொங்கவிடுங்கள். மற்றொன்றின் குமிழை டின்னின் வெளிப்புறத்தில் நாடாவால் இறுக ஒட்டுங்கள். மேசை விசிறியை டின்னை நோக்கி வைத்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு எண்களையும் குறித்து வாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் விசிறியை நிறுத்திவிட்டு, மேலும் ஐந்து நிமிடம் குறியுங்கள். வரைபடத் தாளில் உள்வெப்பமானியின் கோடு தொடர்ந்து இறங்கிக்கொண்டே போகும். விசிறி நின்றதும் வெளிவெப்பமானியின் கோடு மேலே ஏறும். பிறகு குமிழின் மேல் சிறிது பஞ்சு வைத்துக் கட்டி, மறுபடியும் முதலிலிருந்து செய்து, அந்த ஏற்றம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.